உள்ளிருந்து வந்த தட்டல்

அவன் வாயையே திறக்கவில்லை. இருந்தும் கைப்பேசித் திரையில் எழுத்துகள் ஓடின: 'அக்கா, பசிக்குது.'

இறைச்சி வெட்டும் கூடத்தின் குளிரில் நின்று நின்று விரல்கள் விறைத்துப்போவதால், ஊரிலிருக்கும் அக்காவுக்கு அவன் பேசித்தான் செய்தி அனுப்புவான். இன்றும் பேசும் பொத்தானை அமுக்கிவிட்டு, என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

அதை அழித்துவிட்டு அக்கா அனுப்பிய குரலைக் கேட்டான்.

"என்னடா, எல்லா போட்டோவும் வலது பக்கமாவே அனுப்புற? இடது பக்கத்த வாடகைக்கு விட்டுட்டியா? பொண்ணு வீட்ல முழு மூஞ்சியக் கேக்குறாங்க."

வாடகைக்குத்தான் விட்டிருந்தான். இடது தாடைக்குள் ஒரு கட்டி. "புத்துநோய் இல்ல தம்பி. ஆனா எலும்பத் தின்னுட்டே போகும். எலும்போட சேத்து எடுத்தாத்தான் திரும்ப வராது," என்று மருத்துவர் அப்போதே சொன்னார். முகம் கோணிவிடுமே என்று பயந்து, சுரண்டி மட்டும் எடுக்கச் சொன்னான். அக்காவிடம் பல்வலி என்றான்.

அது திரும்பி வந்திருந்தது.

வேலைக்குக் கிளம்பிய அறைத்தோழன், ஆந்தை என்று பட்டப்பெயர் கொண்டவன், வாசலில் நின்று செருப்பை மாட்டினான். "தூக்கத்துல எலும்பக் கடிக்கிற மாதிரி சத்தம்டா. தொழில வீட்டுக்கு எடுத்துட்டு வராத."

"நான் பல்லக் கடிக்கல."

"அப்ப உன் மாமனாரா வந்து கடிச்சாரு?"

கதவு சாத்திக்கொண்டது. குளியலறைச் சுவரின் பாசி வாடையும், எவ்வளவு சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாத கொழுப்பு வாடையும், குழாய் சொட்டும் சத்தமும், அந்தச் சத்தத்துக்கு நடுவே தன் தாடைக்குள் ஏதோ சாவகாசமாக அரைத்துக்கொண்டிருக்கும் ஓசையுமாக, அவன் கண்ணாடி முன் நெடுநேரம் நின்றான்.

இறைச்சிக் கூடத்தில் சந்தேகப்பட்ட எலும்பைக் கத்திப் பிடியால் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டி என்றால் 'டொக்'. உள்ளே அரித்திருந்தால் 'பொத்'.

வேலைப் பையிலிருந்து கத்தியை எடுத்து, பிடியால் தாடையைத் தட்டினான். பொத்.

உள்ளிருந்து திருப்பித் தட்டியது.

கைகழுவும் தொட்டியின் விளிம்பில் கைப்பேசி ஒளிர்ந்தது. 'அக்கா, இங்க எலும்பு தீரப்போகுது. நான் வீட்டுக்கு வர்றேன். உன் எலும்பு நல்லா இருக்கும்ல?'

அழிக்க அவன் கை போவதற்குள் செய்தி போய்விட்டது.

அக்காவிடமிருந்து உடனே பதில். "உளறாதடா. எப்ப வேணா வா, தங்கம். கதவு தொறந்தேதான் இருக்கு."

அவன் கத்தியைத் திருப்பிப் பிடித்தான். எத்தனை ஆயிரம் எலும்பை உருவியிருக்கிறான். இதுவும் ஓர் எலும்பு.

காது மடலுக்குக் கீழே தொடங்கினான். தோல் விலகியது. சதை. சூடு. கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கிய ஈரம். முனை எலும்பில் கிறீச்சிட்டது. மூட்டைத் தேடினான். நெம்பினான். முறித்தான்.

தாடை தொட்டியில் விழுந்தது.

அதில் பல். பல்லுக்கடியில் பல். அதற்கும் அடியில்.

கைப்பேசி அலறியது. அக்கா. வீடியோ அழைப்பு.

வைத்துவிடு அக்கா என்று கத்தப் பார்த்தான். நாக்கு தாங்க ஏதுமின்றித் தொங்கியது. ரத்தம்தான் கொப்பளித்தது.

தொட்டிக்குள் அது வாய் திறந்தது.

"எடு," என்றது, அவன் குரலில். கைப்பேசி சொன்னபடி செய்தது. திரையில் அக்கா சிரித்தபடி முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள்.

"பாரு அக்கா," என்றது அது, விளிம்பில் ஏறி, பற்களை ஒவ்வொன்றாக விரித்து. "முழு மூஞ்சி."