இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் ரப்பர்

அன்று வந்த மூன்று பெட்டிகளிலும் ஒரே மாதிரிச் சீட்டு ஒட்டியிருந்தது: ‘ஜாய்ஸ்டிக்கின் உள்ளே சுத்தம் செய்யக் கூடாது.’ பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சுத்தம் செய்து பிழைப்பவளிடம் இப்படி எழுதிக் கொடுப்பது, சலவைக் கடையில் வேட்டியைக் கொடுத்து நனைக்காதீர்கள் என்பதைப் போலத்தான். ருத்விகாவுக்குப் பழகிவிட்டது. வெளி ஓட்டைக் கழற்றி, மஞ்சளேறிய பிளாஸ்டிக்குக்குப் பெராக்சைடு பூசி, காந்திபுரம் மொட்டை மாடி வெயிலில் வெளுக்க வைப்பாள். கேசட் சொருகும் இடத்து உலோகப் பற்களை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பாள். உள்ளே கரப்பான் குடும்பம் நடத்தியிருந்தால் காலி செய்வாள். ஜாய்ஸ்டிக்கின் பட்டன்களுக்கு அடியில் இருக்கும் ரப்பரை மட்டும் தொட மாட்டாள். தொடவில்லை என்று கையெழுத்துப் போட்டும் கொடுக்க வேண்டும்.

எல்லாம் தேய்வுணரி வந்த பிறகுதான். பட்டனை அழுத்தும்போது ரப்பரின் அடியிலுள்ள கரும்புள்ளி உரசித் தேய்கிறது. இரண்டு பேருக்கு ஒரே மாதிரி தேய்வதில்லை. பதறுகிறவர்களுக்கு ஓரம் தேயும், நிதானமானவர்களுக்கு நடுவில் குழியும். அந்தத் தேய்மானத்தை மயிரிழை போன்ற முள்ளால் தடவிப் படித்து, அந்தக் கை எங்கே அவசரப்படும், எங்கே தயங்கும் என்று கணித்துவிடும் தீப்பெட்டி அளவுக் கருவி அது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் பொருத்தினால் போதும், என்றோ அதில் ஆடியவர் திரையில் உங்களோடு ஆட ஆரம்பித்துவிடுவார். அவருக்கு நிழலாடி என்று பெயர். இறந்துபோன அப்பா, வெளிநாட்டுக்குப் போன தோழி, பேச்சை நிறுத்திவிட்ட தம்பி, யாராக இருந்தாலும் சரி. நிழலாடி பாதியில் எழுந்து போவதில்லை. தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இல்லை. ஐந்தே வருடத்தில், உயிருள்ள இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவது ஏதோ கூச்சப்பட வேண்டிய காரியம்போல் ஆகிவிட்டது.

ஒரே ஒரு குறை. மனிதத் தடத்தைப் படியெடுத்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரப்பரை மறுபடி தடவித்தான் படிக்க வேண்டும். தடவத் தடவ ரப்பரும் போய்விடும்.

இதில் யாரும் வெளியே சொல்லாத ஒரு விஷயம் உண்டு. தேய்வுணரி வருவதற்கு முன்பு, ஒரு ஜாய்ஸ்டிக்கில் ரப்பர் கிழிந்திருந்தால் வேறொன்றிலிருந்து கழற்றிப் போடுவதுதான் தொழில் வழக்கம். பட்டன் வேலை செய்தால் சரி, யாருடைய ரப்பர் என்று அப்போது யார் கேட்டார்கள்? கோயம்புத்தூரில் எத்தனை பேர் அடுத்த வீட்டு அப்பாவோடு ஆடிக் கண்கலங்கிக்கொண்டிருக்கிறார்களோ, ருத்விகாவுக்கே தெரியாது.

பிரணேஷ் மாதத்தின் முதல் சனிக்கிழமை வருவான். பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிறவன், நாற்பதைத் தாண்டியவன், தனியாக இருப்பவன். மற்றவர்கள் பெட்டியைப் பறவிகளில் அனுப்பி, பறவிகளிலேயே வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சின்னப் பறக்கும் கூடைகளுக்கு டீ கொடுக்க முடியாது. இவன் ஒருவன்தான் நேரில் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பான், விபத்தில் போன தன் அண்ணன் தர்ஷனின் நிழலாடியைப் பற்றிப் பேசுவான். அந்த அரை மணி நேரத்துக்காக ருத்விகா மாதம் முழுக்கக் காத்திருந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

ஆவணி மாதம் வந்தபோது, “ரெண்டு தடவ அமுக்குனாத்தானுங்க பட்டன் கேக்குது,” என்றான்.

பார்ப்பதற்காகக் கடை டிவியில் மாட்டினாள். இரண்டு பேர் குழிகளைத் தாண்டி ஓடும் ஆட்டம். நிழலாடி முதல் குழியைத் தாண்டியது. அக்கரையில் நின்றது. நின்ற இடத்திலேயே இரண்டு முறை குதித்தது. பிரணேஷின் ஆள் வந்து சேரும்வரை நகரவில்லை.

ருத்விகாவுக்கு அந்த ஆட்டம் தெரியும். அது அவள். அவள் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்தபோது, விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். இரண்டு வருடம் தினமும் சாயங்காலம் அவரோடு ஆடினாள். குழியைத் தாண்டிவிட்டு நிற்பாள். இரண்டு குதி என்றால், வாங்கப்பா, மெதுவாக வாங்க என்று அர்த்தம். கடைசியில் மயிரிழையில் தோற்பாள், அவருக்குத் தெரியாமல். அவர் போன பிறகு வேறு யாரோடும் ஆடவில்லை. அந்தப் பெட்டியின் உறுப்புகளைப் பிரித்துப் பிரித்து வாடிக்கையாளர்களுக்குப் போட்டுவிட்டாள். ஒரு ரப்பர் பிரணேஷின் பெட்டிக்குப் போயிருக்கிறது.

அன்று எதுவும் சொல்லாமல் பட்டனைச் சரிசெய்து அனுப்பினாள். சொன்னால் அவனிடமிருந்து அண்ணனைப் பிடுங்கியதாகும், அவனும் இனி வர மாட்டான். சொல்லாவிட்டால் வேறொருவர் பெயரில் அவளே அவன் வீட்டில் தினமும் ஆடிக்கொண்டிருப்பாள், இவள் இங்கே கரப்பான்களோடு உட்கார்ந்திருப்பாள். தன்மேல் தனக்கே பொறாமை வரும் என்று அந்த மாதம்தான் அவளுக்குத் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த மாதத்துச் சனிக்கிழமை டீயை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. அந்த ரப்பர் உங்கண்ணனுது இல்லீங்க. பழசு கிழிஞ்சு கெடந்துச்சு. நான்தான் என்னோடத எடுத்துப் போட்டேன். மன்னிச்சுக்குங்க.”

பிரணேஷ் டீயை ஊதினான். “தெரியுமுங்க.”

“தெரியுமா?”

“எங்கண்ணன் ஒரு நாளும் எனக்காக நின்னதில்லீங்க. என்னையக் குழில தள்ளிப்போட்டுத்தான் போவான். மொத நாளே தெரிஞ்சுபோச்சு, இது வேற யாரோன்னு. நீங்கன்னுதான் தெரியல.”

“அப்பறம் ஏனுங்க கேக்கல?”

“கேட்டா மாத்திப் போட்டுருவீங்கன்னுதான். நமக்காக நிக்கற ஆள எப்படீங்க விடறது?”

யாரும் அவளிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேசையடியிலிருந்து இன்னொரு ஜாய்ஸ்டிக்கை எடுத்து அவன் பக்கம் நகர்த்தினாள். “அப்படீன்னா, இப்ப ஒரு ஆட்டம் ஆடலாமுங்களா? நேர்ல?”

அவன் முகம் மாறிவிட்டது. கோபமில்லை, கூச்சம். “வேண்டாமுங்க. பக்கத்துல ஆள் இருந்தா எனக்குக் கை ஓடாதுங்க. செயிச்சாலும் சங்கடம், தோத்தாலும் சங்கடம். அதுகூட ஆடி ஆடி அப்படியே பழகிருச்சு.” ‘அதுகூட’ என்று அவன் சொன்னது அவளோடு என்பதைத்தான். அது அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. “ஆனா ஒண்ணுங்க. ரப்பர் வெடிக்க ஆரம்பிச்சிருச்சு. மழக்காலம் வரைக்கும் தாங்குனாப் பெருசு. நீங்கதான்னு தெரிஞ்சதும் நல்லதாப் போச்சு. புதுசா ஒண்ணு தேச்சுக் குடுங்களேன்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சனிக்கிழமை போய்விடும். ஒத்துக்கொண்டாள்.

புது ரப்பரை மாட்டி, மூன்று மாதம் தினமும் நான்கு மணி நேரம் ஆடினாள். சீக்கிரம் தேய்வதற்காக ரப்பரின் அடியில் பொடி மணலும் தூவியிருந்தாள். குழியைத் தாண்டி நின்றாள். நினைவு வைத்துக்கொண்டு இரண்டு முறை குதித்தாள். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. யாரும் வராததால், சிறிது நேரம் நின்றுவிட்டு ஓடினாள். கட்டைவிரல் காய்த்துப்போன பிறகு ரப்பரைக் கழற்றி அவனுடைய ஜாய்ஸ்டிக்கில் போட்டுக் கொடுத்தாள்.

அவன் முதல் சனிக்கிழமை வரைகூடக் காத்திருக்கவில்லை. மூன்றாம் நாளே வந்துவிட்டான். ஸ்டூலில் உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டான்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. இது நிக்க மாட்டேங்குதுங்க. நிக்கற மாதிரி நின்னுட்டு, நான் வாறதுக்குள்ள ஓடிப்போகுது.”

“ஆமாங்க,” என்றாள் ருத்விகா. “யாருக்காக நிக்கறது? அங்க ஆள் இல்லீங்களே.”

அவன் மடியிலிருந்த ஜாய்ஸ்டிக்கின் பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். பிறகு கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி முகம் தெளிந்தது. “நானும் அதத்தானுங்க நெனச்சேன். யாராச்சும் பக்கத்துல உக்காந்து கூட ஆடுனாத்தான் அந்தக் கை வரும். உங்களுக்கு அப்படி யாராச்சும் இருக்கறாங்களா?”

அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முழம் மேசைதான் இருந்தது. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், உண்மையான அக்கறையோடு.

“தேடிப் பாக்கறேனுங்க,” என்றாள்.

“பாருங்க. அவசரமில்லீங்க,” என்று எழுந்தான். “ஆள் கெடச்சு, ஆடி முடிச்சதும் சொல்லுங்க. நான் வந்து வாங்கிக்கறேன்.”