அப்பாவின் பெயரில் வந்தவள்

அபுதாபி விமான நிலையத்தின் குளிரிலிருந்து வெளியே அடியெடுத்து வைத்ததுமே, ஆகஸ்டு மாதத்து ஈரக்காற்று நாகஜோதியின் மூக்குக்கண்ணாடியை வெண்படலமாக மூடிற்று. பதினோராண்டுகளுக்குப் பின் வருகிறாள்... எதிரே ஒன்றும் தெரியவில்லை. தடுமாறியவளின் தோள் எவர் மீதோ மோதிற்று.

"துடைக்காதீங்க மேடம். தானாத் தெளியும்."

அக்குரலைச் செவிகள் முதலில் அறிந்தன, கண்கள் பிறகுதான். படலம் மெல்ல விலக... விஜயபாஸ்கர். காதோரம் நரைத்திருந்தது. கண்கள் மட்டும் மாறவில்லை; மழைக்கு முந்திய வானம்போல் கறுத்து, ஏதோ சொல்ல வந்து நின்றுவிட்ட கண்கள்.

அவன் கையிலிருந்த அட்டையில் 'மிஸ்டர் மாயாண்டி' என்றிருந்தது. கடவுச்சீட்டில் அவள் பெயரையடுத்து நின்ற தந்தை பெயரைப் பார்த்து, பயிற்சிக்கு அழைத்த நிறுவனத்தார் அவளை ஆணாக்கியிருந்தனர்.

"அது நான்தான்" என்றாள்.

"மீசை வச்ச பெரியவரத்தான் தேடிக்கிட்டு நின்னேன்."

"மீசைய ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயிற்று.

முன்பு இங்கே முசஃபா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை அலுவலகத்தில் அவள் தட்டச்சர். ஊழியர்களை ஏற்றிவரும் வண்டிக்கு அவன் ஓட்டுநர். வண்டிக் கண்ணாடியில் தினமும் சந்தித்த பார்வைகள் காதலாயின. இருவரும் விடுப்பில் ஊர் சென்றபோது, உசிலம்பட்டிக்கு வந்து அவன் பெண் கேட்டான். தந்தைக்குச் சம்மதமில்லையென மறுநாள் அவள் தொலைபேசியில் சொன்னாள். பின்னர் அவள் இங்கே திரும்பவில்லை. இன்று, மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சி நடத்த வந்திருக்கிறாள்.

வண்டி புறப்பட்டது. திருமணமாயிற்றா என்று தயங்கிக் கேட்டாள். இல்லையென்றான். அவளைக் கேட்டான், அவளுக்கும் இல்லை. அப்பா நலமா என்றான். தை மாதம் காலமானார் என்றாள்.

வண்டியின் வேகம் குறைந்தது.

"அவரத் திட்டாத நாளில்ல ஜோதி. டிரைவருக்குப் பொண்ணக் குடுக்க மனசு வரலையேன்னு... இப்ப என்ன சொல்றதுன்னே தெரியல."

சொல்லாதிருந்தால் இந்தப் பரிவாவது மிஞ்சும்... இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. ஆயினும், செய்யாத குற்றத்தை அவர் இன்னும் எத்தனை நாள் சுமப்பது?

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினான்.

"அப்பா மறுக்கவே இல்லங்க. 'நல்ல பையனாத் தெரியிறான், உனக்குச் சரின்னா எனக்கும் சரி'ன்னுதான் சொன்னாரு. நான்தான்... டிரைவர் பொண்டாட்டின்னு கூடப் படிச்சவளுக சிரிப்பாளுகன்னு பயந்தேன். பழிய அவர் மேல போட்டேன். உங்கள வேணாம்னுட்டு, அப்புறம் வேற யாரையும் வேணும்னு சொல்ல முடியல."

அவன் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தப்பான ஆளு மேல பதினோரு வருஷம் கோவிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"இனிமேலாச்சும் என் மேல கோவிச்சுக்குங்க" என்றாள், கண்ணீரை விழுங்கி.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"அது முடியாமத்தானே ஜோதி... அவர் மேல கோவிச்சுக்கிட்டேன்."