நான்காம் அறையின் கைப்பிடி

அன்று காலை மகன் கடைசியாகத் தேடியது ஒரு சாக்ஸை. "அம்மா, இன்னொண்ணு எங்கம்மா?" என்று குளியலறை வாசலில் ஒற்றைக் காலில் நின்று கத்தினான். "எருமை மாதிரி வளர்ந்திருக்கே, கண்ணு எங்கே போச்சு? தேடு" என்று அவளும் அடுப்படியிலிருந்து கத்தினாள். ஒரு காலில் கறுப்பும் மறு காலில் சாம்பலுமாக மாட்டிக்கொண்டு, "ஷூவுக்குள்ள யாரு பார்க்கப் போறா" என்று சிரித்தபடி வேலைக்குப் போனான். மறுநாள் பார்த்தார்கள்.

உறைகிடங்கின் நான்காம் அறையில், மூடிய கதவுக்கு உள்பக்கம், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மைனஸ் இருபத்தைந்து டிகிரி. "தூக்கத்துல போற மாதிரி போயிட்டான். உடனே போயிட்டான்னு டாக்டரே சொன்னார்" என்றார் கணவர். அதே கிடங்கில் அவர் பாதுகாப்பு மேற்பார்வையாளர். மகனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஆறு வாரம் கழித்து, விசாரணை நடக்கப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. அன்றே கணவர் பேப்பர் அரைக்கும் கம்பெனிகளைத் தேட ஆரம்பித்தார். அலமாரிக்கு மேல் மூன்று அட்டைப்பெட்டிகளில், கிடங்கில் அவர் வாராவாரம் நிரப்பிய பாதுகாப்புச் சோதனைத் தாள்களின் நகல்கள் இருந்தன. முதல் கம்பெனி தங்கள் இடத்துக்கு எடுத்துப்போய் அரைப்போம் என்றது. வழியில் யார் கண்ணில் படுமோ என்று வேண்டாமென்றார். இரண்டாவது கம்பெனி போனை எடுக்கவில்லை. மூன்றாவது கம்பெனிக்காரர் இடுப்பளவு உயர இரும்புப் பெட்டி ஒன்றைக் கூடத்து மூலையில் இறக்கி வைத்தார். மேலே நீளமாக ஒரு வாய், முன்னால் ஒரு பூட்டு. ஒரு வாரம் பெட்டி வீட்டில் இருக்கும். பிறகு வண்டி வந்து வாசலிலேயே அரைத்துவிட்டு, அழித்ததற்குச் சான்றிதழும் தரும்.

"சாவி எங்ககிட்டதான் சார். உள்ள போட்டதை நீங்களே நினைச்சாலும் எடுக்க முடியாது. அரைச்சப்புறம் ஆண்டவனே பசையோட வந்தாலும் ஒட்டாது" என்றார் பேப்பர்காரர். கணவர் சிரித்தார். ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் ஒரு கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் ஐந்தாவது வரி, 'நான்காம் அறை, உள்பக்கக் கைப்பிடி'. எதிரே நீல மையில் 'சரி'. கீழே அவர் கையெழுத்து. இரண்டு வருடத்துத் திங்கட்கிழமைகள். அதில் ஒரு தேதியை அவளால் மறக்க முடியாது.

ஈரத் தலையோடு வந்தவரிடம் நீட்டினாள். "இந்தத் திங்கக்கிழமை நீங்க கிடங்குல இல்லையே? என் தம்பி பொண்ணு கல்யாணத்துல போட்டோவுக்கு நின்னுக்கிட்டிருந்தீங்க."

"முன்கூட்டியே போட்டு வெச்சுட்டுப் போறதுதான். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"கைப்பிடியை எப்பங்க தொட்டுப் பார்த்தீங்க?"

அவர் துண்டால் காதைத் துடைத்தார். "இப்ப என்னையும் உள்ள தள்ளணுமா உனக்கு?"

மூன்று பெட்டிக் காகிதத்தையும் அன்று மாலைக்குள் இரும்பு வாய்க்குள் ஊட்டினார். கல்யாணத் தேதித் தாள் மட்டும் அவள் மடியில் இருந்தது. கம்பெனிக்குப் போன் செய்து பெட்டியைத் திறக்கச் சொன்னாள். "ஒப்பந்தம் சார் பேர்ல இருக்கும்மா. அவர் கையெழுத்து போட்டாத்தான் திறப்போம்" என்றார்கள். அவர் கையெழுத்து! அவள் போனைச் சுவரில் எறிந்தாள்.

மறுநாள் மதியம், ஜன்னல் வெயில் தரையில் விழுந்து தகதகத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த மூலையைக் கடந்த அவள் பாதத்தில் சில்லென்று ஏதோ பட்டது. பெட்டிக்கு அடியில் ஈரம். துடைத்தாள், மறுபடி ஊறியது. குனிந்தபோது வாயிலிருந்து ஒரு காற்று முகத்தில் அடித்தது; பழைய ஐஸின், இரும்பின், நாள்பட்டு உறைந்த அட்டையின் வாசனை; மகனின் வேலைச் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அவள் மூக்கில் ஏறிய அதே வாசனை. பிறகு உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

முஷ்டியால். பலமாக. அவசரமே இல்லாமல், இதோ யாராவது வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு தட்டுகிற ஒருவன்.

அவள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினார்.

இரண்டு நாள் முஷ்டிதான். மூன்றாம் நாள் உதைத்தான். நான்காம் நாள் உள்ளங்கை. ஓய்ந்து ஓய்ந்து, நடுவில் நீண்ட மௌனங்கள். அவள் சோறு இறங்காமல் பெட்டியருகே கிடந்தாள். இரும்பில் காதை வைத்தால் காது ஒட்டிக்கொண்டது. உடனே போகவில்லை. தூக்கத்தில் போகவில்லை. எத்தனை மணி நேரம்? ஒலியைக் கூட்டிக் கூட்டி டிவி அலறியது. ஐந்தாம் நாள் நகங்கள். ஆறாம் நாளும் நகங்கள். மெல்ல.

ஏழாம் நாள் காலை வண்டி வந்தது. கணவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பேப்பர்காரர் சாவியை நுழைத்தார். திரும்பியது, கதவு வரவில்லை.

"என்ன சார், ஃபிரிட்ஜ் மாதிரி சில்லுன்னு இருக்கு? இருங்க, கம்பி எடுத்துட்டு வர்றேன்" என்று கீழே போனார்.

கூடத்தில் இருவர். நகச் சத்தம் ஒருமுறை நீண்டது. நின்றது.

கணவர் மூச்சை விட்டார். "அப்பாடா. நின்னுடுச்சு."

அவள் எழுந்தாள். முப்பது வருடத்தில் முதல் முறையாக ஒருமையில், "உனக்குக் கேட்டுச்சு" என்றாள். "ஆறு நாளா உனக்குக் கேட்டுச்சு. அன்னைக்கும் கேட்டுச்சாடா?"

அவள் மடியிலிருந்து எட்டிப் பார்த்த தாள் கணவன் கண்ணில் பட்டுவிட்டது. பாய்ந்து பிடுங்கினான். பெட்டியின் வாய்க்குள் திணித்தான். விரல்கள் உள்ளே போயின. மணிக்கட்டு போனது.

வெளியே வரவில்லை.

"ஏய்," என்றான். மெதுவாக. பிறகு, "ஏய், உள்ள ஏதோ கையைப் பிடிச்சிருக்குடி."

இழுத்தான். முழங்கை உள்ளே போனது. வாயின் விளிம்பில் வெள்ளையாகப் பனி பூத்து அவன் சட்டைக் கையில் ஏறியது. பேப்பர்காரர் கம்பியோடு வந்தார். நெம்பினார். கம்பி வளைந்தது. பூட்டின் அருகே குனிந்து கேட்டவர் முகம் செத்துப்போனது.

"அம்மா. உள்ளேருந்து யாரோ கதவை இழுத்துப் பிடிச்சிருக்காங்கம்மா."

கம்பியைப் போட்டுவிட்டு ஓடினார். படிகளில் அவர் விழும் சத்தம். வண்டி கிளம்பும் சத்தம்.

அவன் இன்னொரு கையால் பெட்டியைத் தட்டினான். முஷ்டியால். பலமாக. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மதியம் உள்ளங்கை. உதடுகள் நீலமாயின. புருவத்தில் பனி. "போன் பண்ணுடி" என்றான். பிறகு அம்மா என்றான். வெயில் அவன் முதுகில்தான் விழுந்துகொண்டிருந்தது. சாயங்காலம் நகங்கள்.

அன்று திங்கட்கிழமை. கிடங்கு வழக்கம்போல் திறந்திருந்தது. நான்காம் அறைக்குள் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். அந்தக் கதவின் உள்பக்கத்தில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.