முழங்காலுக்குள் ஒளிந்தவன்

காலை பத்து மணி. ஆய்வகத்து டாக்டரம்மாவின் மேஜையில் முழங்கால் ஒன்று கிடந்தது. முழுசாக இல்லை. தச்சர் ஒருவரின் செயற்கை மூட்டிலிருந்து போன வாரம் சர்ஜன் கழற்றி அனுப்பிய பிளாஸ்டிக் தட்டு மட்டும்.

மூட்டு வைத்து ஓராண்டு ஜோராக நடந்தவருக்குத் திடீரென்று கால் வீங்கியது. மாத்திரை தின்றால் வற்றும், நிறுத்தினால் வீங்கும். மூட்டு நீரைப் பலமுறை சோதித்தும் கிருமி சிக்கவில்லை. சிக்கியது ஒரு நர்ஸ்தான். மூட்டு வைத்த சமயத்தில் கட்டு மாற்றியவள் அவள். கை சுத்தமில்லை என்று தச்சரின் மனைவி புகார் கொடுக்க, சர்ஜனும் தலையாட்டிவிட்டார். மாலைக்குள் அவளுக்கு வேலை போய்விடும். பழி போட இவ்வளவு அவசரமா என்று டாக்டரம்மாவுக்கு எரிச்சல்.

தட்டைத் திரவத்தில் போட்டு ஒலி அதிர்வில் குலுக்கி வைத்திருந்தார். இன்று அதில் கிருமி வளர்ந்திருந்தது. அது இன்னதென்று பார்த்தவர் நேரே வார்டுக்குப் போனார்.

தச்சர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து இடது கடைவாயிலேயே மென்றுகொண்டிருந்தார். தலையணைக்கடியில் பழைய மாத்திரை அட்டை ஒன்று பாதி காலியாக எட்டிப் பார்த்தது. மனைவி கட்டிலருகே இருந்தார். டாக்டரம்மா சர்ஜனை வரவழைத்தார். நர்ஸ் வாசலோடு நின்றாள்.

"கிருமி மூட்டுல ஒட்டிக்கிட்டு, பாசி மாதிரி வழவழன்னு போர்வை போத்திக்கும். மாத்திரை உள்ள போகாது. வெளிய திரியறதைத்தான் கொல்லும். அதான் நீர்ல அகப்படலை. தட்டைக் குலுக்கினதும் அகப்பட்டுடுச்சு" என்றார் டாக்டரம்மா.

"உள்ள கொண்டுபோனது யாரு?" என்றார் சர்ஜன்.

"இவரேதான். தோல்ல இருக்கற கிருமின்னா கட்டுப் போட்ட கையைச் சந்தேகப்படலாம். இது வாய்ல குடியிருக்கறது. சொத்தைப் பல்லு வழியா ரத்தத்துல இறங்கி முழங்காலுக்கு வந்திருக்கு. இவர் வலப்பக்கம் மெல்லவே மாட்டேங்கறாரே, யாராவது கவனிச்சீங்களா?"

தச்சர் திருதிருவென்று விழித்தார். பிறகு ஒப்புக்கொண்டார். பல் டாக்டர் என்றால் அவருக்கு நடுக்கம். பல் வலிக்கும்போதெல்லாம் காலுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய மாத்திரையை விழுங்கினார். சோதனைக்கு முந்தின நாட்களிலும்தான்.

"முழங்காலை அறுக்கக் கொடுத்த மனுஷனுக்குப் பல்லு புடுங்கப் பயமா?" என்றார் மனைவி.

புகாரைத் தள்ளுபடி செய்யச் சொல்வதாக சர்ஜன் முணுமுணுத்தார். மேலிடத்தில் இதையே உரக்கச் சொல்லும்படி டாக்டரம்மா கேட்டுக்கொண்டார்.

ஒரு வாரமாக அந்த நர்ஸைக் கட்டிலருகே அண்டவிடாதவர் மனைவி. இப்போது வெட்கம் பிடுங்கித் தின்ன வாசலுக்குப் போனார்.

"கட்டு நனைஞ்சிருக்கு. நீயே மாத்திவிடும்மா."

நர்ஸ் குழாயடிக்குப் போய், எல்லாரும் பார்க்க, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள்.