ஒரு விரல் மடங்கியது

சைக்கிள் அவள் மேல் மோதவில்லை. அவள் சுமந்து வந்த கட்டின் மேல்தான் மோதியது. முப்பது கதைப் புத்தகங்களும் விக்கிரமசிங்கபுரம் மில் சாலையில், ஐப்பசி மழைச் சேற்றில் விழுந்தன.

“கண்ண எங்கன வச்சிட்டு ஓட்டுதீங்க?”

இரவெல்லாம் மில்லில் அறுந்த இழைகளை முடிந்துவிட்டு வந்த கண்... தூக்கம்தான் மிச்சம் இருந்தது. சைக்கிளில் வந்த சிவகணேஷ் நிமிர்ந்து பார்த்தான். அவள் இமையில் ஒரு மழைத்துளி நின்றது. அவள் சிமிட்டவே இல்லை, அத்தனை கோபம். தூக்கம் போய்விட்டது.

“டீச்சரா?”

“ஆமா. நாலாங்கிளாஸ். பேரு மாரித்தாய். ஹெட்மாஸ்டர்ட்ட புகார் சொல்லணுமா?”

அவன் புத்தகங்களைப் பொறுக்கித் துடைத்தான். “எல்லாம் ஒரே தண்டியில, ஒரே அளவுல இருக்கே...”

“முப்பது பேரும் நாலாங்கிளாஸ்தானே?”

“எங்க மில்லுல நாப்பதாம் நம்பர் நூலையும் அறுபதாம் நம்பர் நூலையும் ஒரே பெட்டியில போட்டா மேஸ்திரி கொன்னுருவாரு. பாத்தா ஒண்ணுபோலத்தான் இருக்கும். நூல் சுத்தின கோன் நுனியில கலர் பாத்துத்தான் பிரிப்போம்.”

“பிள்ளைங்க என்ன கோனா?”

“எங்க பக்கத்து வீட்டு ஷரீபா உங்க கிளாஸ்தான். பக்கத்தக் கையால மறைச்சிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்க.”

மறுநாள் மறைத்துப் பார்த்தாள். ஷரீபா நிற்காமல் வாசித்தாள்... எல்லாம் மனப்பாடம். வேறு புத்தகம் கொடுத்ததும் வாய் மூடிக்கொண்டது. ஐந்து மாதமாக அந்தப் பெண்ணுக்கு ‘நன்று’ போட்டுவந்தவள் மாரித்தாய்தான்.

மில் சாலையில் அவனுக்காகக் காத்திருந்தாள். “எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியும்” என்றான். பெடலை மிதித்துப் போய்விட்டான்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் பள்ளி வராந்தாவுக்கு வந்தான். பள்ளி அலமாரியில் கிடந்த புத்தகங்களை எல்லாம் பிரித்தார்கள்: எளிய புத்தகத்துக்கு மஞ்சள் தாள், அடுத்ததற்குப் பச்சை, கடினமானதற்குச் சிவப்பு. ஒட்டுவது அவன் வேலை. பிள்ளைகளுக்குப் புத்தகம் பொறுக்குவது அவள் வேலை. “ஒரு பக்கம் வாசி. வராத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு. அஞ்சும் மடங்கினா இப்போ இது வேண்டாம்.” ஷரீபா மஞ்சளுக்குப் போனாள். முதல் நாள் அழுதாள். மறுவாரம் இன்னொன்று கேட்டாள்.

“பசைய தாள்ல தடவுங்க... என் முகத்துல என்ன இருக்கு?”

“சேறு இருக்கான்னு பாத்தேன், டீச்சர்.”

“அது போன மாசம்!”

ஒரு சனிக்கிழமை, விளையாட்டாக ஒரு சிவப்புப் புத்தகத்தை அவனிடம் நீட்டினாள். “நீங்க வாசிங்க, பாப்போம்.”

வாசித்தான். பாதிப் பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டன.

“அண்ணாச்சிக்கு மஞ்ச புஸ்தகம்!” பிள்ளைகள் கத்தினார்கள். அவளும் சிரித்துவிட்டாள். அவன் பசை டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனான்.

மூன்று சனிக்கிழமை வரவில்லை. ஷரீபாவின் திருட்டுத்தனம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எட்டாம் வகுப்புவரை அவனும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறான்... பிறகு மில்.

நாலாவது சனிக்கிழமை காலை, சங்கு ஊதும்போது மில் வாசலில் நின்றாள்.

“லே சிவகணேசா, டீச்சரு யாரத் தேடுதாங்கன்னு பாருலே!” யாரோ கத்தினார்கள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“நான் சிரிச்சது தப்பு.”

“உள்ளதுக்குத்தானே சிரிச்சீங்க? நான் மஞ்சள். உங்களுக்குச் சரிப்படாது, டீச்சர்.”

“அஞ்சும் மடங்கினா ‘இப்போ வேண்டாம்’னுதான் பிள்ளைங்ககிட்டச் சொல்லுதேன். ‘எப்பவும் வேண்டாம்’னு என்னைக்குச் சொன்னேன்?”

ஒரு தாளைக் கொடுத்தாள். ஓரத்தில் பச்சை ஒட்டியிருந்தது. பிள்ளைகளுக்கு எழுதுவதுபோல் பெரிய எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி.

*ஷரீபா மூன்று புத்தகம் முடித்துவிட்டாள். பசை காய்ந்து கிடக்கிறது. எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. வீட்டில் வந்து பெண் கேளுங்கள்.*

உதடு அசைய மெதுவாக வாசித்தான். வலது கையை விரித்தே வைத்திருந்தான். கடைசியில் ஒரு விரல் மடங்கியது.

“எந்தச் சொல் வரல?”

“எல்லாம் வந்துட்டு... மூணாவது வரியத்தான் நம்ப முடியல.” தாளை மடிக்கவில்லை. “எனக்கும் அதேதான், டீச்சர். முதல் நாளே. எழுதித்தர எனக்கு நாளாகும்.”

“பைய எழுதுங்க. இப்போ அந்த வரிய இன்னொரு தடவை வாசிங்க.”

வாசித்தான். விரல் நிமிர்ந்தது.