மாத்திரையை மறந்தவள்

காலை ஏழே முக்காலுக்கு மாமியார் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் வெந்நீர்க் குவளையோடு நின்ற மூத்த மருமகளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எண்ணிக்கை சரியா இருக்கா அத்தை?"

"சரியாத்தான் இருக்கு. அதான் எனக்குப் புரியல! பெட்டியில இருந்து மாத்திரை போகுது... ஆனா என் பிள்ளை ரத்தத்துல அது இல்லேங்கறாங்க. நடுவுல எங்க போகுது? காத்துல கரையுதா?"

மருமகள் வெந்நீரை ஆற்றத் தொடங்கினாள். பதில் சொன்னால் பேச்சு வளரும். உள்ளறையில் படுத்திருப்பவர் காதில் விழும்.

உள்ளறையில் இருந்தவர் அவள் கணவர். கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஊரே அவரை வாட்ச்காரர் என்றுதான் கூப்பிடும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். மருந்து ஏற்றி நோயை அடக்கிய பிறகு, திரும்ப வராமல் இருக்க வேண்டுமென்றால் வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையை ஏற்ற வேண்டும் என்றார்கள். உடன்பிறந்த தம்பியுடையது அச்சுப் பிசகாமல் பொருந்தியது. தம்பி பேருந்து ஓட்டுநர். "என் எலும்பையே வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்று சொல்லி, இடுப்பெலும்பைக் குடைய விட்டு, ஒரு வாரம் நொண்டி நொண்டி நடந்தவர்.

மஜ்ஜை ஏற்றி ஐம்பத்திரண்டு நாளாகிறது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இரண்டு குடும்பமும் தம்பி வீட்டிலேயே ஒன்றாக இருந்தன.

அந்த மாத்திரை எதற்கு என்பதை மருத்துவர் அம்மா முதல் நாளே விளக்கியிருந்தார். "தம்பியோட அணுக்கள் அண்ணன் உடம்புக்குள்ள குடி வந்திருக்கு. அதுங்களுக்கு இந்த உடம்பு புதுசு. சில பேருக்கு உடம்பு மஜ்ஜையை ஏத்துக்காது. சில பேருக்கு மஜ்ஜை உடம்பை ஏத்துக்காது. இருக்கிற வீட்டையே எதிரின்னு நினைச்சு அடிக்க ஆரம்பிச்சிடும். அது நடக்காம இருக்கத்தான் இந்த மாத்திரை. காலைல எட்டு, ராத்திரி எட்டு. ஒரு வேளை தப்பக்கூடாது."

தப்பவில்லை. இந்த வீட்டில் கடிகாரம் நின்றாலும் அவள் நிற்கவில்லை. ஆனால் போன வாரப் பரிசோதனையில் ரத்தத்தில் மருந்தின் அளவு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. "மாத்திரை ஒழுங்கா குடுக்கறீங்களா?" என்று மருத்துவர் அவளைப் பார்த்துக் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் மாமியார் நின்றாள், தம்பி நின்றார், அவர் மனைவி நின்றாள்... அந்த ஒரு கேள்வி அன்றைக்கே வீட்டுக்குள் குடியேறிவிட்டது.

அதிலிருந்து அவள் குவளையைத் தூக்கினால் நான்கு கண்கள் கூடவே எழுந்தன. ஓரகத்தி, தம்பியின் மனைவி, நல்லவள்தான். அவள்கூட, "நான் கழுவிடறேன் அக்கா" என்று குவளையை வாங்கி, ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கழுவினாள். மூத்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

மாமியார் மனசில் பழைய கணக்கு ஒன்று இருந்தது. கல்யாணமாகி மூன்றாம் வருடமே மூத்தவள் பிள்ளையைப் பிரித்துத் தனிக்குடித்தனம் கூட்டிக்கொண்டு போனாள் என்பது. உண்மையில் தனியாகப் போக ஆசைப்பட்டது வாட்ச்காரர். அம்மாவிடம் சொல்ல வாய் வராமல், "அவ பிரியப்படறா" என்று சொல்லிவிட்டார். அவளும் மென்று விழுங்கிவிட்டாள்.

சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அவளுக்கும் வந்தது. ஒரு நாள் மாமியார் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் போவதைப் பார்த்தாள். நாட்டுப் பொடி ஏதாவது கொடுத்தால் மாத்திரையின் வேலை கெட்டுவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். இவள் பூனை மாதிரிப் பின்னாலேயே போய், மாமியார் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கை விட்டாள். பச்சை நிறப் பொடிப் பொட்டலம்! கையில் எடுத்தபோதே மாமியார் வந்து நின்றாள்.

"என் மூட்டு வலிக்கு வாங்கி வச்சிருக்கேன். சின்னவனுக்குத் தெரிஞ்சா திட்டுவான்னு ஒளிச்சு வச்சேன். என் அலமாரியைக் குடையற அளவுக்கு வந்துட்டியா நீ?... உன் மேல தப்பு இல்லேன்னா நீ ஏன் அடுத்தவங்க மேல பழியைத் தேடி அலையற?"

அன்றைக்கு அவள் கூனிக்குறுகிப் போனாள்.

இன்று காலை எட்டு மணிக்கு மாத்திரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில் சாய்ந்திருந்தவர் துணி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மடக்கு வெந்நீர் குடித்து, கவசத்தை மறுபடி மேலே ஏற்றிக்கொண்டார். மாமியார் வாசலில் நின்று பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

"உள்ளங்கை அரிக்குது" என்றார் வாட்ச்காரர்.

விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் சுட்டது போலச் சிவந்திருந்தன. காதுக்குப் பின்னால் புள்ளி புள்ளியாகத் தடிப்பு. காலையிலிருந்து நான்கு தடவை வயிற்றுப்போக்கு வேறு... மஜ்ஜை உடம்பைத் தாக்கினால் வரும் என்று மருத்துவர் சொன்ன அடையாளங்கள் அத்தனையும்! தம்பி வண்டி பிடிக்க ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகப் புதுக் கவசம் ஒன்றைக் கட்டிவிட்டு, பழையதைக் கொதிநீரில் போட எடுத்தாள்.

துணி மடிப்பில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருந்தது. பிரித்தாள். பாதி கரைந்த மாத்திரை.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவள் கையால் கொடுத்த மாத்திரை.

அவள் கதவைச் சாத்தினாள். கவசத்தை அவர் முன்னால் நீட்டினாள். அவர் பார்த்தார், உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எத்தனை நாளா?"

அவர் போர்வையை மேலே இழுத்துக்கொண்டார்.

"கேக்கறேன்ல! எத்தனை நாளாங்க இப்படி?"

"மூணு வாரம் இருக்கும்... தினமும் இல்ல. பாதி வேளைதான்" என்றார். பிறகு இரண்டு கைகளையும் போர்வைக்கு வெளியே நீட்டினார். விரல்கள் தாமாகவே உதறின. "இதைப் பாரு. அந்த மாத்திரை போட்ட பத்தாம் நாளே ஆரம்பிச்சது. இந்தக் கையை வச்சுகிட்டு ஒரு மயிரிழைக் கம்பியைப் பிடிக்க முடியுமா? ஒரு திருகாணியைத் திருக முடியுமா? போடாத நாள்ல நடுக்கம் குறையுது... பிழைச்சு எழுந்து, ஒண்ணுக்கும் உதவாத கையோட நான் என்ன செய்ய?"

"டாக்டர் கிட்ட சொல்லியிருக்கலாமே! வேற மருந்து மாத்தியிருப்பாங்களே!"

"தம்பி மஜ்ஜை குடுத்ததே பெரிசு, இதுல குறை வேறயான்னு நினைப்பாங்களோன்னு..." அவர் கைகளைக் கூப்பினார். "தம்பி கிட்ட மட்டும் சொல்லாதே. அவன் குடுத்த உசுரைக் கவசத்துல துப்பினேன்னு அவனுக்குத் தெரிஞ்சா... என்னால அவன் முகத்தைப் பார்க்க முடியாது. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்!"

வெளியே வண்டி வந்து ஒலி எழுப்பியது.

ஆஸ்பத்திரியில் அவள் செய்த முதல் காரியம், மருத்துவரைத் தனியாகப் பார்த்தது. கவசத்தை மேஜை மேல் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மருத்துவர் கவசத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வேளை இப்பவாவது சொன்னீங்க. அளவு ஏன் குறைஞ்சதுன்னு தெரியாம நான் மருந்தை ஏத்திக்கிட்டே போயிருப்பேன். மஜ்ஜை அவரைத் தாக்க ஆரம்பிச்சிடுச்சு. உள்ள சேர்க்கணும், வேற மருந்தும் குடுக்கணும். நடுக்கத்துக்கும் வழி இருக்கு. வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல. நீங்களும் சொல்லாதீங்கம்மா. அது அவர் சொல்ல வேண்டியது."

நடைபாதையில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் வாட்ச்காரர் தலை குனிந்திருந்தார். தம்பி அவள் எதிரே வந்து நின்றார்.

"அண்ணி, நேராவே கேக்கறேன். ரத்தத்தைப் பார்த்தா மாத்திரை உள்ள போகலேன்னு நர்ஸ் சொல்றாங்க. என் எலும்பைக் குடைஞ்சு எடுத்துக் குடுத்தது விளையாட்டுக்கா? என்ன நடந்தது?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"நான்தான் தம்பி... சில வேளை மறந்துட்டேன். எண்ணிக்கை தப்பக்கூடாதுன்னு மிஞ்சினதைத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள்.

"மறந்துட்டாளாம்!" மாமியார் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "சோறு தின்ன மறந்தியா? தூங்க மறந்தியா? அப்பவே பிரிச்சுக் கூட்டிகிட்டுப் போனே, இப்ப ஒரேயடியா பிரிச்சுடலாம்னு பார்த்தியா! என் கண்ணு முன்னால நிக்காதே. போ!"

ஓரகத்தி மட்டும், "அக்கா, நிஜமாவா?" என்று முணுமுணுத்தாள். மூத்தவள் படியிறங்கினாள்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அக்கா கேட்ட கேள்விக்கெல்லாம், "ஓய்வெடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று சமாளித்தாள். தினமும் காலையில் வார்டு நர்ஸுக்கு ஒரு போன். தடிப்பு மங்குது... வயிறு நின்னுடுச்சு... ரத்தத்துல மருந்து சரியான அளவுக்கு வந்துடுச்சு... ஒவ்வொரு செய்திக்கும் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதாள். அவர் பிழைத்துக்கொள்வார் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அந்த நடைபாதையில் அவர் நிமிர்ந்து பார்க்காதது ஒரு பக்கம். எது பெரியது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பப் போவதாக நர்ஸ் சொன்னாள். எட்ட நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று போனாள். வார்டு வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே தம்பி அண்ணனுக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். மாமியாரும் ஓரகத்தியும் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். கை நடுக்கம் குறைந்திருந்தாலும் இன்னும் முழுதாகப் போகவில்லை.

தம்பி திரும்பியபோது அவளைப் பார்த்துவிட்டார். முகம் கறுத்தது.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் எதையாவது மறக்கணுமா? பாருங்க இந்தக் கையை... உங்களாலதான்..."

"அவளைச் சொல்லாதே!"

வாட்ச்காரர் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். கரண்டி தரையில் விழுந்து ஓசையிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அவ ஒரு வேளைகூட மறக்கலடா. அவ குடுத்ததை நான் துப்பினேன். வாயில ஒதுக்கி, கவசத்துக்குள்ள துப்பினேன். கை நடுங்குதுன்னு... தொழில் போயிடும்னு பயந்து. உன் கிட்ட சொல்லாதேன்னு அவ கால்ல விழாத குறையா கெஞ்சினேன். எனக்காகப் பழியை ஏத்துகிட்டா. நான் பார்த்துகிட்டு உட்கார்ந்திருந்தேன்... அம்மா, தனிக்குடித்தனம் கேட்டதும் நான்தான். அவ இல்ல. அதுலயும் அவளைத்தான் முன்னால தள்ளினேன்."

தம்பி அண்ணனை நெருங்கினார். அடித்துவிடுவாரோ என்று அவள் பயந்து ஒரு எட்டு முன்னால் வந்தாள். அவர் அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார்.

"கை நடுங்கினா என்ன அண்ணா... நான் இல்லையா? என்கிட்ட சொல்றதுக்கு உனக்கு அவ்வளவு பயமா? என் ரத்தம் உன் உடம்புல ஓடுது, ஒரு வார்த்தை உன் வாயில வரலையா?"

மாமியார் மெல்ல நடந்து வந்து மருமகள் முன்னால் நின்றாள். "ஏம்மா... நான் உன்னை எப்படியெல்லாம்... வாய் வெந்து போக..." என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அத்தை. நானும்தான் உங்களைச் சந்தேகப்பட்டேன். நீங்க அவருக்குப் பொடி குடுக்கறீங்கன்னு நினைச்சு உங்க அலமாரியைக் குடைஞ்சேனே!"

"குடைஞ்சா என்ன! உன் புருஷன் உசுருக்காகக் குடைஞ்சே" என்று அழுகைக்கு நடுவே சொல்லி அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள் மாமியார். பதினாறு நாளாகக் குளியலறையில் அடக்கிவைத்த அழுகை அந்தத் தோளில் உடைந்தது. ஓரகத்தி இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, "நான் அன்னைக்குக் குவளையை முகர்ந்து பார்த்தேன் அக்கா..." என்று தேம்பினாள்.

வாட்ச்காரர் தயங்கித் தயங்கி அவள் பக்கம் வந்தார். "வீட்டுக்கு வா" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடைபாதையில் அவள் தேடியபோது கிடைக்காத அந்தப் பார்வை இப்போது நேராக அவள் முகத்தின் மேல் இருந்தது.

"வர்றேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், எல்லாரும் கேளுங்க. இனிமே இவருக்கு மாத்திரை நான் குடுக்க மாட்டேன். தம்பிதான் குடுக்கணும், முழுங்கற வரைக்கும் தம்பிதான் நிக்கணும். நான் இந்த வீட்ல பொண்டாட்டியா இருக்கறேன், மருமகளா இருக்கறேன். இனி யாருக்கும் மறைப்பா மட்டும் இருக்க மாட்டேன்."

"சரி அண்ணி" என்றார் தம்பி உடனே.

அவள் கணவர் கையை நீட்டினார். விரல்கள் உதறிக்கொண்டிருந்தன. அவற்றை ஒளிக்க அவர் முயலவில்லை. அவள் ஒரு கணம் பார்த்துவிட்டு, பிடித்துக்கொண்டாள்.