இன்னொரு தடவை அமுக்காதீக

திருத்தங்கலில் என் ஸ்டுடியோ ஒரு அச்சகத்தின் மாடியில் இருக்கிறது. கீழே மிஷின் ஓடினால் மேலே தரை அதிரும். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்காக நிறுத்துவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குத் தொழில். வள்ளித்தாய் படியேறி வந்ததும் அப்படி ஒரு மதியத்தில்தான்.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், பாட்டு வாசிக்கிற கீபோர்டு ஒன்று, இரண்டு ஸ்பீக்கர், எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. பட்டாசுக் கம்பெனிகள் விற்பனைக்குப் போடும் வீடியோக்களில் கேட்கிற வெடிச்சத்தத்தில் பாதி நான் செய்தது. நிஜ வெடியை மைக்கில் பிடித்தால் தகர டப்பாவைத் தட்டியது போலப் பிசிறும். அதனால் நன்றாக அமைந்த ஒரே ஒரு வெடியை சாம்ப்ளர் என்கிற மென்பொருளில் போட்டு வைத்திருக்கிறேன். கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் அது வெடிக்கும். ஃபில்டரைத் திருகினால் கனம் கூடும், குறையும். சத்தம் எப்படி எழ வேண்டும், விரலை எடுத்த பிறகு எவ்வளவு நேரம் இழுத்து அடங்க வேண்டும் என்பதை என்வலப் பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு வெடியிலிருந்து சரவெடியும் செய்வேன், லட்சுமி வெடியும் செய்வேன். எனக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு.

வள்ளித்தாய் ஆமத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். வாசலிலேயே நின்று செல்போனை நீட்டினாள்.

நான்கு நாளுக்கு முன்பு ஒரு பட்டாசு ஆலையில் வெடித்ததே, அதில் அவள் மகள் அனுப்பிரியா இருந்தாள். இருபத்திரண்டு வயது. ஆனால் கம்பெனிப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. அன்றைக்கு அப்படி ஒரு பெண் வேலைக்கே வரவில்லை என்று சாதித்தார்கள். நம்பர் போட்டு வரிசையாக இருந்த ரூம்களில், பதிவேட்டில் ஆள் இருந்த இரண்டை மட்டும் தோண்டி, கிடைத்தவர்களை ஒப்படைத்துவிட்டார்கள். மறுநாள் காலை ஜேசிபி வந்து மற்ற இடிபாடுகளை அள்ளி, பழைய கல்குவாரியில் கொட்டப் போகிறது. எந்த ரூம் என்று காட்ட ஏதாவது ஆதாரம் கொண்டு வந்தால் அங்கே தோண்டச் சொல்கிறேன் என்று ஒரு அதிகாரி சொல்லியிருக்கிறார். அவளிடம் இருந்த ஆதாரம், போன் தானாகப் பதிந்து வைத்திருந்த பதினோரு விநாடிப் பேச்சு மட்டும்தான்.

அனுப்பிரியா ஒளித்துக் கொண்டுபோன போனிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். இன்றைக்கு எந்த ரூமில் போட்டிருக்கிறார்கள் என்று அம்மா கேட்கிறாள். “இன்னைக்கு என்னைய” என்று மகள் ஆரம்பிக்கிறாள். அதோடு சரி. அடுத்து வருவது வெடி.

“எந்த ரூம்னு மட்டும் எடுத்துக் குடுங்க தம்பி. நாளைக்கு அள்ளிட்டாகன்னா எம்பிள்ளை குப்பையோட குப்பையாப் போயிருவா.”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வெடிச்சத்தத்துக்கு அடியில் பேச்சு எதுவும் மிஞ்சியிருக்காது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். அந்தச் சத்தத்தை அவள் மறுபடி கேட்க வேண்டாம் என்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

வெடித்த துண்டை மட்டும் வெட்டி சாம்ப்ளரில் போட்டேன். முக்கால் விநாடிகூட இல்லை. கீழ்ச் சுருதிக் கட்டையில் வைத்ததும் சத்தம் நீண்டது. ஃபில்டரால் அடியில் இருந்த உறுமலை அறுத்தேன், மேலே இருந்த பிசிறையும் அறுத்தேன். முதல் அடி காதில் அறையாமல் மெல்ல எழும்படி என்வலப்பை இழுத்தேன்.

மூன்றாவது தடவை அமுக்கியபோது ஒரு மூச்சு கேட்டது.

ஐந்தாவது தடவை, “அம்மா” என்றது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அசாத்தியமான வேலை செய்துவிட்டதாக நினைத்தேன். ஃபில்டரை இன்னும் நெருக்கி ஒன்பதாவது தடவை அமுக்கினேன்.

“அண்ணே.”

கட்டையிலிருந்து விரலை எடுத்தேன். விரலை எடுத்த நொடியே சத்தம் அறுந்துவிட வேண்டும், அப்படித்தான் வைத்திருந்தேன். அறுபடவில்லை.

“அமுக்காதீகண்ணே. நீங்க அமுக்கும்போதெல்லாம் எரியுது.”

ஹெட்போன் பஞ்சு காதில் சுட்டது. கருகிய முடியின் நாற்றம் மூக்கில் ஏறியது. கீழே மிஷின் ஓடவில்லை, ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

வள்ளித்தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்டதா என்றாள். இன்னும் தெளியவில்லை அக்கா என்றேன்.

பொய்தான். வேறு என்ன சொல்ல முடியும்? ஹெட்போனைக் கழற்றிவிட்டால் இவளுக்கு மகள் இல்லை. கழற்றாவிட்டால் இவள் மகளுக்கு நான் நெருப்பு வைக்கிறேன். கடிகாரத்தில் ஒன்றே முக்கால். மனசுக்குள் கெஞ்சினேன். தாயி, ரூம் நம்பரை மட்டும் சொல்லிவிடு, உன் அம்மா வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன்.

அலறல்.

மறுபடி அமுக்கினேன். அலறலுக்கு நடுவில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற குரல் வந்தது.

“பத்தொன்பது.”

பிறகு மிகவும் மெல்ல, “போதும்ணே. அழிச்சிருங்க.”

‘அம்மா’ என்ற சொல்லையும் ‘பத்தொன்பது’ என்ற சொல்லையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் வெட்டினேன். அதை வள்ளித்தாயின் போனில் ஏற்றி, ஒரு தடவை போட்டுக் காட்டினேன். அவள் அழவில்லை. போனைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். நான் அந்தத் துண்டை சாம்ப்ளரிலிருந்து அழித்தேன், குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தேன். அனுப்பிரியா கேட்டதைச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பத்தொன்பதாம் நம்பர் ரூமில் தோண்டினார்கள். அங்கேதான் இருந்தாள். கிடைத்ததை ஒரு துணியில் கட்டிக் கொடுத்தார்களாம். வள்ளித்தாய் முறைப்படி எல்லாம் செய்து முடித்தாள். பதினாறு கழிந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எனக்கு நன்றி சொல்ல வந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. இப்போதுதான் இரண்டு வாய் சோறு இறங்குகிறது என்றாள்.

கிளம்பும்போது இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள்.

“தெனமும் விடிஞ்சதும், அடுப்புப் பத்தவைக்க முன்ன ஒரு தடவ போட்டுக் கேக்கேன் தம்பி. அம்மான்னு வாய் நெறையக் கூப்புடுதா. அது போதும் எனக்கு.”

அதை அழித்துவிடுங்கள் அக்கா என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஏன் என்று கேட்பாளே. கேட்டால், இத்தனை நாளும் காலையில் அவள் கையாலேயே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும். போனைக் கொடுங்கள், சத்தத்தை இன்னும் சுத்தமாக்கித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். இதுவே நல்லாத்தான் இருக்கு என்று மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் படி வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்டுடியோவைத் திறந்தேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. ஸ்பீக்கரின் வயர் பிளக்கிலிருந்து கழன்று தரையில் கிடந்தது.

ஸ்பீக்கருக்குள் ஏதோ படபடவென்று பொரிந்தது. அந்தக் கருகல் நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

“அண்ணே, அம்மாகிட்ட சொல்லிட்டீகளா?”

ஸ்பீக்கரை விற்றுவிட்டேன். புதிது வாங்கினேன், அதிலும் கேட்டது. இப்போது ஸ்டுடியோவுக்கே போவதில்லை. வீட்டில் டிவி அணைந்திருக்கும்போது டிவியிலிருந்து கேட்கிறது. இரண்டு தடவை ஆமத்தூர் போய், வள்ளித்தாயின் வீட்டு வாசல் வரை நடந்து, அவள் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இருந்தால் போய்ச் சொல்லுங்கள்.

இதுவரை தினமும் விடிந்ததும், வள்ளித்தாய் போனைப் போடுகிற நேரத்தில், ஒரு முறைதான் அனுப்பிரியா கேட்பாள்.

இன்று காலை மூன்று முறை கேட்டாள்.